மாரிகாலத்துக்கு ஒரு மேலங்கி

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 4:9–22



இவ்வாரத் தியானப் பகுதி, அப்போஸ்தலனாகிய பவுல் தம் வாழ்நாளின் கடைசியில், சிறையிலிருந்து எழுதியது. ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்று மகிமையாகப் பேசிய அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, அவர் ஒரு துணியைப் பற்றிப் பேசுகிறார். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் தாம் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார். கூடவே புஸ்தகங்களையும் கேட்கிறார். முடிவில், மாரிகாலம் தொடங்குமுன் வந்து சேரும்படி வேண்டுகிறார்.

அந்த மேலங்கி என்னவென்று அறிவோம். தலை நுழைய நடுவில் ஒரு துவாரம் உள்ள, கையில்லாத, தடித்த கம்பளி அங்கி அது. அக்காலத்தில் பயணிகள் மழைக்கும் குளிருக்கும் அதையே போர்த்துக்கொண்டார்கள். சிறையிலிருப்பவருக்கு உணவும் உடையும் பெரும்பாலும் நண்பர்கள் மூலமாகவே வரவேண்டும். பவுலிடம் மழைக்காலத்துக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்போது தேவைப்படும் என்பது அவருக்கு நினைவிலிருந்தது.

பிரியமானவர்களே, நம்மிடம் எத்தனை உடைகள் உள்ளன, அவை எங்கே உள்ளன, எந்தப் பருவத்துக்கு எது உதவும் என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? இக்கேள்வியை முதலில் எனக்கே கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் சபையிலிருந்து சென்னைக்கு வேலைக்குச் சென்ற வாலிபப் பெண் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தாம் ‘கேப்சூல் வார்ட்ரோப்’ முறைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். ஒன்றோடொன்று பொருந்தும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்ப இரண்டொன்றைச் சேர்த்தும் மாற்றியும் ஆண்டு முழுவதும் உடுத்துவதே அம்முறை. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் என்ற பெண்மணி இப்பெயரைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கின் டோனா கேரன் ஏழே உடைகளைக் கொண்டு ஒரு பெண்ணின் வாரம் முழுவதையும் அமைத்துக் காட்டியபோது, உலகெங்கும் அது பேசப்பட்டது. நான் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு உடையில் வாழ்வது நம் பாட்டிமாருக்குப் புதிய செய்தி அல்லவே! கட்டிக்கொள்ள ஒன்று, துவைத்துப் போட ஒன்று, ஆலயத்துக்கு ஒன்று என்று மூன்று சேலையில் ஆயுளைக் கடந்தவர்கள் அவர்கள்.

ஆனால் அன்று இரவு என் பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது புன்னகை மறைந்தது. வெள்ளைச் சட்டைகள் மட்டும் 19 இருந்தன. அவற்றில் நான் உடுத்துவது ஆறு. மேல்தட்டில் பொன்னாடைகள் 34. திருமண வீட்டிலும் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் அன்போடு போர்த்தியவை. ஒன்றுகூட எந்தக் குளிருக்கும் உதவியதில்லை. ஆகான் ஒரு நேர்த்தியான பாபிலோனிய சால்வையை இச்சித்து எடுத்து, தன் கூடாரத்துக்குள் பூமியில் புதைத்து வைத்தான் என்று யோசுவாவின் புஸ்தகத்தில் வாசிக்கிறோம். அவனால் அதை ஒருநாளும் உடுத்த முடிந்ததில்லை. என் சால்வைகள் திருடப்பட்டவை அல்ல என்பது உண்மை. ஆயினும் யாருக்கும் பயன்படாமல் மறைந்துகிடப்பதில் அவையும் அதற்கு நிகரே.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆடையைத் துச்சமாகப் பேச இவ்வாரம் நான் எழுதவில்லை. நம் ஜனங்களின் சரித்திரம் அறிந்த எவரும் அப்படிப் பேசத் துணியார். தென் திருவிதாங்கூரில் நம் முன்னோரின் பெண்கள் மேலாடை அணிய உரிமையற்றிருந்தார்கள். சுவிசேஷத்தை ஏற்று, ரவிக்கை அணிந்து ஆலயத்துக்கு வந்த பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பிக்கும்வரை நீடித்தது. அந்த ஆணையும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஆகவே, நல்ல சேலை உடுத்தி நிமிர்ந்து ஆலயத்துக்குள் நுழையும் ஒரு தாயைப் பார்த்து ‘வீண் அலங்காரம்’ என்று எளிதில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஏதேனிலிருந்து புறப்பட்ட நம் ஆதிப் பெற்றோருக்குத் தேவனே உடை உண்டாக்கி உடுத்தினார். உடை மனிதனுடைய கண்ணியத்தைச் சேர்ந்தது.

இதனாலேயே என் துக்கம் பெரிதாகிறது. கண்ணியத்துக்காக நம் முன்னோர் அடிபட்டுப் பெற்ற ஆடை, இன்று அதே ஆலயத்தின் வாசலில் ஒருவரை வெளியே நிறுத்தும் பொருளாகிவிட்டது. நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் தவறு ஒன்றை அறிக்கையிடுகிறேன்.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பாடகர் குழுவினருக்கு ஒரே நிறச் சேலை எடுப்பது வழக்கம். அவரவர் பணம் கொடுக்கவேண்டும். ஓர் ஆண்டு சேலையின் விலை சற்றுக் கூடியது. குழு என்னிடம் கேட்டது. நான் யோசியாமல் சம்மதித்தேன். அந்த டிசம்பரில், பல ஆண்டுகளாகப் பாடிவந்த சகோதரி ஒருவர் பயிற்சிக்கு வரவில்லை. விசாரித்தபோது, “தொண்டை சரியில்லை ஐயா” என்றார். நானும் ஜெபித்து அனுப்பினேன். கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் அவர் பின்வரிசையில், தூணுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். பாடல் தொடங்கியதும் அங்கிருந்தே பாடினார். தொண்டையில் எந்தக் குறையும் இல்லை. பீடத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவருக்கு வேலையில்லாத ஆண்டு அது. பிள்ளைகளுக்குத் துணி எடுத்த பின் அவரிடம் ஒன்றும் மீதியிருக்கவில்லை.

பொன்மோதிரமும் மினுக்கான உடையும் தரித்தவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியின் அருகிலும் இடம் கொடுக்கிறவர்களை யாக்கோபு கடிந்துகொண்டாரே, அந்தப் பகுதியை நான் அந்த ஆண்டிலேயே இருமுறை பிரசங்கித்திருந்தேன்.

அருமையானவர்களே, நம் ஆலயத்தின் பீரோவைப் பாருங்கள். திருவருகைக் காலத்துக்கும் லெந்து நாட்களுக்கும் ஊதா. கிறிஸ்மஸுக்கும் உயிர்த்தெழுந்த திருநாளுக்கும் வெள்ளை. பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு. மற்றெல்லா ஞாயிறுகளுக்கும் பச்சை. நான்கு நிறங்களில் திருச்சபை தன் ஆண்டு முழுவதையும் உடுத்தி முடிக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் பீடத்துக்குப் புதிய துணி வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டின் வெள்ளையை எடுத்துத் துவைத்து, தேய்த்து விரிக்கிறோம். அது பழையது என்பதால் கிறிஸ்துவின் பிறப்புக்கு மகிமை குறைந்ததாக எவரும் எண்ணுவதில்லை. பீடத்துக்குத் தகுமானால், நமக்கும் தகும்.

ஆகையால் என் கருத்தை நேராகவே வைக்கிறேன். மழை தொடங்குமுன், பண்டிகைத் தள்ளுபடி விளம்பரங்கள் நம்மை வந்து அடையுமுன், ஒவ்வொரு குடும்பமும் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி, வீட்டிலுள்ள உடைகளையெல்லாம் கட்டிலில் விரித்து, பருவத்துக்கு ஏற்பப் பிரித்துப் பார்க்கவேண்டும். போதுமானதை வைத்துக்கொண்டு மீதியைப் பிறருக்குக் கொடுக்கவேண்டும். அதன் பின்னரே புதிதாக வாங்குவதைப் பற்றிப் பேசவேண்டும்.

நம் தென்மாவட்டங்களின் பருவங்கள் லண்டனின் பருவங்கள் அல்ல. எனவே அவர்களுடைய பட்டியலும் நமக்கு உதவாது. நமக்கு ஆண்டின் நீண்ட பருவம் வெயில். பங்குனி தொடங்கிக் கத்திரி வெயில் கடந்தும் வியர்வை நிற்பதில்லை. வியர்வையை உறிஞ்சும் தளர்வான பருத்தி உடையே அப்போது தேவை. வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு இருமுறை மாற்றவேண்டியிருக்கும் ஆதலால் எண்ணிக்கை சற்று மிகுதியாக இருப்பதில் குற்றமில்லை. சுங்குடிச் சேலையும் கைத்தறி வேட்டியும் துவைக்கத் துவைக்க மெதுமையாகும். ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு இருந்தால் எட்டாவது எதற்கு?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது வெயில்காலத்துத் தடித்த பருத்தி இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் காயாது, வாடை பிடிக்கும். சீக்கிரம் உலரும் கலப்புநூல் உடைகள் நான்கைந்து போதும். சேறு தெறித்தாலும் தெரியாத அடர்ந்த நிறமாக அவை இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மழைச்சட்டை வேண்டும். மார்கழியிலும் தையிலும் நமக்கு வருவது பனி. கீத பவனிக்கும் அதிகாலை ஆராதனைக்கும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ இருந்தால் பருவம் கடந்துவிடும். பவுலுக்கு ஒரு மேலங்கி போதுமானதாக இருந்தது அல்லவா?

வளரும் பிள்ளைகளின் காரியத்தில் அன்னாளிடம் கற்றுக்கொள்ளலாம். அவள் ஆலயத்தில் விட்டுவந்த மகனுக்கு வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். ஒன்றே ஒன்றுதான். ஆனால் பிள்ளை இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று ஆண்டு முழுவதும் நினைத்து நினைத்துத் தைத்த சட்டை. நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அந்த நினைவே. அளவு சிறுத்த நல்ல உடை அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். மூத்தவரின் உடையை இளையவர் அணிவது வெட்கம் என்று நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவர்களுக்கு அது தெரியாது.

பட்டு உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றிரண்டு போதும், ஆனால் அவற்றை நன்றாகப் பேணுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே ஜரிகை முறியும். பாச்சா உருண்டை ஜரிகையில் படவேண்டாம். பூச்சி அரித்த வஸ்திரங்களைக் குறித்து யாக்கோபு ஐசுவரியவான்களை எச்சரித்தார். உடுத்துகிற துணியைப் பூச்சி எளிதில் அண்டுவதில்லை. உடுத்தாமல் குவித்ததையே அது அரிக்கிறது.

சிலர் என்னிடம் நியாயமான ஒரு கேள்வி கேட்பார்கள். “எல்லாரும் துணி வாங்குவதைக் குறைத்தால் நெசவாளியும் திருப்பூர்த் தொழிலாளியும் எப்படிப் பிழைப்பார்கள் ஐயா?” இது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. நம் சபைப் பிள்ளைகளே பலர் அங்கு வேலை செய்கிறார்கள். ஆனால் இன்றைய மலிவு எவருடைய செலவில் வருகிறது என்பதையும் பாருங்கள். ஒரு பருத்திச் சட்டைக்கு, பயிர் விளைவது முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாக மதிப்பிடுகிறார்கள். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குளமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட வேண்டிய நிலை வந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உலகச் சந்தைக்கு மலிவு உடை தைத்த தொழிலாளர்கள். மூன்று மலிவுச் சேலைகளின் விலையில் ஒரு கைத்தறிச் சேலையை வாங்கினால் நெசவாளிக்கும் கூலி சேரும், நமக்கும் பத்து ஆண்டு உழைக்கும். குறைவாக வாங்குவதும் நியாயமான விலை கொடுத்து வாங்குவதும் சேர்ந்தே போகவேண்டும்.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். எளிமையும் ஓர் அலங்காரமாக மாறக்கூடும். இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘எளிய’ நிறத்தில் முப்பது புதிய உடைகள் வாங்கி, அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது வேதம் கற்பிக்கும் எளிமை அல்ல. வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் இஸ்ரவேலரின் உடை பழசாகவில்லை என்று உபாகமம் சொல்லும்போது, அவர்கள் எதையும் புதிதாக வாங்கி எளிமையைத் தொடங்கவில்லை. கையில் இருந்ததைக் கர்த்தர் காத்தார். உங்கள் கையில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள்.

கொடுப்பதிலும் கவனம் தேவை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்ட பழந்துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்ததை நாடே பார்த்தது. துன்பப்பட்டவர்கள் அவற்றைத் தொடவில்லை. தங்கள் கண்ணியத்தை அவர்கள் இழந்துவிடவில்லை. நாம்தான் அதை மறந்திருந்தோம். இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று யோவான் ஸ்நானன் போதித்தபோது, உடையவன் தனக்கு வைத்துக்கொண்டதற்குச் சமமான ஒன்றையே கொடுக்கவேண்டியிருந்தது. ஆகவே துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்து, நீங்கள் நாளை உடுத்திச் செல்லத் தயங்காததைக் கொடுங்கள். கிழிந்தது கைப்பிடித் துணியாகட்டும், தரை துடைக்கட்டும். அது காணிக்கையாக வேண்டாம்.

யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்த நாட்களில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள். அவளுடைய சொந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. அவள் கொடுத்தவை மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. நாம் மரித்த பின் நம் பீரோவைத் திறப்பவர்கள் எதைக் காண்பார்கள்? யார் எதைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மை நினைப்பார்கள்?

சபையாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாவது, இந்தக் கிறிஸ்மஸில் நம் பாடகர் குழுவுக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் புதிதாக ஒரே நிறச் சேலை எடுக்கவேண்டாம். அவரவரிடம் உள்ள வெள்ளையை உடுத்தி வாருங்கள். வெண்மையில் ஏற்றத்தாழ்வு இருக்கும், இருக்கட்டும். கமிட்டியில் இதைக் கலந்து பேசுவோம். மறுப்பு உள்ளவர்கள் என்னிடம் நேரில் பேசுங்கள். கேட்க ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டாவது, அடுத்த இரு ஞாயிறுகளில், மழைக்கும் பனிக்கும் உதவும் நல்ல உடைகளை மடித்து ஆலய அலுவலகத்தில் ஒப்படையுங்கள். யார் கொடுத்தது, யார் பெற்றது என்பது வெளியே தெரியாது. என் பங்காக 13 சட்டைகள் ஏற்கெனவே அங்கே உள்ளன. பொன்னாடைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, முதியோர் இல்லத்தாருக்குப் போர்வையாகத் தைத்துத் தர ஒரு சகோதரி முன்வந்திருக்கிறார். இனி எனக்குப் பொன்னாடை போர்த்த விரும்புகிறவர்கள், தயவுசெய்து ஒரு துண்டு கொடுங்கள். சீஷர்களின் கால்களைத் துடைக்க ஆண்டவர் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

மாரிகாலம் வருமுன் செய்வோம். மழை தொடங்கிய பின் ஒருவருக்கு மேலங்கி தேடுவது தாமதம்.

ஜெபம்: எங்களை உடுத்துவிக்கிற பரம பிதாவே, காட்டுப் புஷ்பங்களை அழகுபடுத்துகிற நீர் எங்கள் தேவையையும் அறிந்திருக்கிறீர். போதும் என்ற மனதை எங்களுக்குத் தாரும். எங்கள் வீடுகளில் முடங்கிக் கிடப்பதைக் குளிரில் நடுங்குகிறவர்களிடம் சேர்ப்பியும். உடையினிமித்தம் ஒருவரும் உம்முடைய ஆலயத்தில் பின்வரிசைக்குப் போகாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.